பாறு எங்கே போயிற்று?

நுழையும்முன்

பறவையைக் கண்டு வியப்பது மனித இயல்பு. அவ்வியப்பு வினாவாக வளரும்போது அறிவு பிறக்கிறது. அவ்வறிவு பறவையை மட்டுமன்றி, அதனைச் சார்ந்த உயிர்களையும் காக்கிறது. இதனைப் பாறு என்னும் பறவையின் வரலாற்றுவழி அறிவோம்.

ஒரு சிறுவனின் வினா

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மும்பையில் சிறுவன் ஒருவன் காற்றுத் துப்பாக்கியால் குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. ‘இஃது என்ன குருவி?’ என்று தன் மாமாவிடம் வினவினான். விடையறியாத அவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அவனை அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு, அங்குப் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை அவனுக்குக் காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி (1896 - 1987). இராசத்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பிடம் நிலைபெற அவர் பெரிதும் பாடுபட்டார்.

இயற்கையின் துப்புரவாளர்

இறந்த விலங்குகளின் உடலை உண்டு வாழ்வது பாறு. அதன் வயிற்றிலுள்ள கடும் அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றை அழிக்கிறது. இறகு குறைந்த தலையும் கழுத்தும் உண்ணும்போது அழுக்குப் படியாமல் காக்கின்றன. பாறுகள் கூட்டமாக இறங்கினால், இறந்த மாட்டின் உடல் சிறிது நேரத்திலேயே வெறும் எலும்புக்கூடாகிவிடும். நிலமும் நீரும் தூய்மை பெறும்.

தெரிந்து தெளிவோம்

பாறுகளைப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்பர். கழுகு வேட்டையாடி உண்ணும். பாறு பெரும்பாலும் இறந்தவற்றையே உண்ணும். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும்.

மறைந்த கூட்டம்

1990-களில் அதே பரத்பூரில் பாறுகள் கழுத்துத் தொங்கி மடிவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்கள் கண்டனர். முன்னரே கூடுகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தமையால் அழிவின் அளவு புலனாயிற்று. 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மறைந்தன. உண்பாரற்ற உடல்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, வெறிநோய் அச்சமும் வளர்ந்தது.

காரணம் யாது? பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வு 2004-இல் விடை தந்தது. கால்நடைகளின் வலிபோக்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல்வழிப் பாறுகளைச் சேர்ந்து சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது.

எஞ்சியவை

தமிழகத்தில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் வாழ்கின்றன. அழிவு விரைவானது, மீட்சியோ மெதுவானது. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை பழைய நிலையை எய்தப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை அவற்றை எண்ணிக் காப்பதற்கு, ‘இஃது என்ன பறவை?’ என்று கேட்கும் இளையோர் தலைமுறைதோறும் தேவை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் காணும் பறவைகளை ஒரு வாரம் கவனித்து, பெயர், உணவு, எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரில் முன்பு இருந்து இன்று காணப்படாத பறவைகள் குறித்து முதியோரிடம் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.