அன்று இருந்தது, இன்று இல்லை

மாணவன் ஒருவன் வெளிநாட்டு நண்பனுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறான் எனக் கொள்வோம். தன் தாய் மாலைதோறும் பாடுவது வழக்கம் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறான். வழக்கம் என்றதும் அவன் நினைவுக்கு வருவது 'யூஸ்ட் டு' என்னும் தொடர். 'மை மதர் யூஸ்ட் டு சிங் எவ்ரி ஈவினிங்' என்று எழுதி அனுப்பிவிடுகிறான். படித்த நண்பன் திடுக்கிடுகிறான். அன்னை நோயுற்றாரோ, மறைந்தே போனாரோ என்று கலங்குகிறான். எழுதியவன் வீட்டிலோ அன்று மாலையும் பாட்டு ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது!

பிழை எங்கே நேர்ந்தது? தமிழில் 'பாடுவது வழக்கம்' என்பது இன்றைய பழக்கத்தையும் குறிக்கும். பழைய பழக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலத் தொடரோ இறந்த காலத்திற்கே உரியது. அன்றியும், 'முன்பு இருந்தது, இப்போது இல்லை' என்னும் குறிப்பையும் அது தன்னுள் கொண்டுள்ளது. 'இன்றும் அப்படியே' என்று வெளிப்படையாகச் சேர்த்துச் சொன்னாலன்றி, அப்பழக்கம் ஒழிந்தது என்றே கேட்பவர் கொள்வர். இன்றைய பழக்கத்தைச் சொல்ல எளிய நிகழ்கால வினையே போதும்: 'மை மதர் சிங்ஸ் எவ்ரி ஈவினிங்.'

இத்தொடரின் வரலாறு சுவையானது. 'யூஸ்' என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. பயன்படுத்துதல் என்னும் பொருளோடு, வழக்கமாகச் செய்தல் என்னும் பொருளும் அதற்கு இருந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் அதனை இப்பொருளில் நிகழ்காலத்திலும் வழங்கினர். நம் மாணவன் அக்காலத்தில் பிறந்து, வினையையும் நிகழ்காலத்தில் அமைத்திருந்தால், அவன் கடிதத்தில் குறை காண இயலாது. பின்னர் நிகழ்கால வழக்கு மெல்ல மறைந்தது. இறந்தகால வடிவம் மட்டுமே எஞ்சியது. ஒழிந்தவற்றைச் சொல்லும் தொடரிலேயே ஒரு பாதி ஒழிந்துபோயிற்று!

பழைய பழக்கங்களை 'வுட்' என்னும் துணைவினையாலும் ஆங்கிலத்தில் சொல்லலாம். இஃது எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். இம்முறை நமக்குப் புதிதன்று. 'அந்நாளில் பாட்டி திண்ணையில் அமர்ந்து கதை சொல்வார்' என்று நாமும் எதிர்கால வடிவத்தால் கடந்தகால வழக்கத்தைக் கூறுகிறோம் அல்லவா? காலம் இன்னதென்று முதலில் தெரிந்துவிட்டால், அடுத்தடுத்த செயல்களை 'வுட்' கொண்டு அழகாக அடுக்கிச் செல்லலாம்.

ஆனால் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த செயலையே அது குறிக்கும். ஒரு நிலையைக் குறிக்காது. லண்டன் நகரத்துப் பழைய பாலத்தின்மேல் வீடுகளும் கடைகளும் நெருங்கி நின்றன. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவை அகற்றப்பட்டன. இதனை, 'தேர் யூஸ்ட் டு பி ஹவுசஸ் ஆன் லண்டன் பிரிட்ஜ்' என்று சொல்லலாம். இங்கே 'வுட்' பொருந்தாது; வீடுகள் இருந்தமை ஒரு நிலையேயன்றிச் செயலன்று.

இத்தனை ஆண்டு, இத்தனை முறை என்று அளவு கூறுமிடத்து இவ்விரண்டும் வேண்டா; எளிய இறந்தகால வினையே ஏற்றது. மற்றொன்று: 'ஷி இஸ் யூஸ்ட் டு சிங்கிங்' என்பது முற்றிலும் வேறு. பாடுதல் அவருக்குப் பழகிப்போன ஒன்று என்பது அதன் பொருள். நம் மாணவன் இதனை எழுதியிருந்தாலும் அவன் கருதியது முழுமையாக வந்திராது; எனினும் நண்பன் கலங்கியிருக்க மாட்டான்.