தொழில் தேடும் இளையோருக்கு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளையிடம் ஊரார் முதலிற் கேட்கும் கேள்வி, அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்பது. அதற்கு விடை சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளை, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நான் உபாத்தியாயனாக இருந்த காலம் முழுவதும் கண்டு வந்திருக்கிறேன். எழுவான்கரையில் பட்டணத்தை அடுத்த பாடசாலைகளிலும், படுவான்கரையில் வயலும் குளமும் சூழ்ந்த பாடசாலைகளிலும் பௌதிகவியல் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின்னரும், பெறுபேறு வெளியாகும் நாட்களில் பிள்ளைகளும் பெற்றோரும் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்து யோசனை கேட்பது நிற்கவில்லை. அவர்களோடு சம்பாஷித்தும், அவர்கள் பின்னர் போன வழிகளைக் கவனித்தும் எனக்குத் தெளிவான சில உண்மைகளை இங்கே எழுதுகிறேன். அவற்றுள் தலையாயது இது: எந்தத் தொழில் தனக்கு உகந்தது என்பதை ஒருவர் வீட்டில் இருந்து யோசித்து அறிந்துவிட முடியாது, ஏதேனும் ஒரு தொழிலிற் கையை வைத்து, அதன் சாதாரணமான ஒரு நாளைக் கண்ட பின்னரே அறிய முடியும்.

முதலில், படித்த பாடப் பிரிவே தமது சுபாவம் என்று எண்ணும் மயக்கம் பிள்ளைகளிடமிருந்து நீங்க வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன், பதினாறு பதினேழு வயதில், கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா, 2013ஆம் ஆண்டு முதல் தொழில்நுட்பமா என்று ஒரு பிள்ளை தெரிவு செய்கிறது. ஆனால் அந்தத் தெரிவைப் பெரும்பாலும் செய்வது, பெற்ற புள்ளிகளும், அருகிலுள்ள பாடசாலையில் எந்தப் பிரிவு உண்டு என்பதும், தினமும் பட்டணம் போய்வரப் பஸ் வசதியும் பணவசதியும் உண்டா என்பதுமேயாம். படுவான்கரையில் விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகள் பல. அங்கே கலைப் பிரிவிற் சேர்ந்த பிள்ளைக்கு இயந்திரத்திலோ கணக்கிலோ நாட்டம் இல்லை என்று யார் தீர்மானித்தது? ஆகவே, "நான் கலைப் பிரிவு, சேர்; எனக்கு வேறென்ன வரும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் முதலிற் சொல்வது, அந்தப் பிரிவு நீ வாழ்ந்த ஊரின் நிலையைக் காட்டுகிறதேயன்றி உன் திறமையின் எல்லையைக் காட்டவில்லை என்பதுதான்.

இதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. வாவியின் தென்திசையில் உள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம் என்னும் பிள்ளை, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் படித்து, ஆசிரியராகி, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார்; 1920இல் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார். உத்தியோக வாழ்வில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உலகம் நினைக்கும் அந்த நிலையை, முப்பது வயதில் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இமயமலைச் சாரலில் மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கு ஆசிரியராக விளங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பி வந்தார்.

இவ்வளவையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அவருடைய பெருமையை விரிப்பதற்காக மாத்திரம் அன்று. 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவருடைய 'யாழ் நூல்', சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றிச் சொல்லப்பட்ட பகுதியிலிருந்து வளர்ந்தது. வழக்கொழிந்து போன யாழ்களின் அமைப்பையும் சுருதிகளின் அளவையும் அதில் அவர் கணித்துக் காட்டுகிறார். அந்தக் கணிப்புக்குத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் உயரத்துக்கும் உள்ள தொடர்பை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வந்த எனக்கு, அந்த நூலை முதன்முதலாகப் புரட்டியபோது, கொழும்பில் அவர் பயின்ற விஞ்ஞானம் மூன்று தசாப்தங்களுக்குப் பின் இசைத்தமிழிற் பயன்பட்டிருப்பது பிரத்தியட்சமாயிற்று. இருபது வயதில் அவரிடம் யாரேனும் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டிருந்தால், இந்த விடையை அவராலும் சொல்லியிருக்க முடியாது. அந்தந்தக் காலத்திற் கைக்கு வந்த வேலையைச் சிரத்தையோடு செய்தார். மனம் வேறொன்றைத் தெளிவாகக் காட்டியபோது துணிந்து மாறினார். முன் கற்றது எதுவும் வீண் போகவில்லை. எல்லோரும் விபுலாநந்தர் ஆக முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவர் சென்ற முறை எல்லோருக்கும் உரியது.

கையை வைத்துப் பார்ப்பது என்பதற்கு என் அனுபவத்தில் ஓர் உதாரணம் சொல்கிறேன். உயிரியற் பிரிவில் இரண்டு தடவை தோற்றியும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி கிடைக்காத ஒரு மாணவன், மூன்றாம் தடவை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் மனம் சோர்ந்திருந்தான். பெறுபேறுக்கும் அடுத்த பரீட்சைக்கும் இடையே உள்ள மாதங்களை வீணாக்காதே என்று சொல்லி, கல்லடிப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்தும் ஒருவருடைய கொட்டிலில் அவனை உட்காரச் செய்தேன். சில வாரங்கள் கழித்து அங்கே போனேன். கழற்றிய காபரேட்டர் ஒன்றைப் பெற்றோல் ஊற்றிய தகரப் பேணியில் ஊறவிட்டு, ஊசித் துவாரமுள்ள சிறு பித்தளைத் துண்டை எடுத்து, மெல்லிய கம்பியால் உப்புக் கசட்டை நீக்கிக்கொண்டிருந்தான். வாயால் ஊதினான், கொட்டிலின் வாசலுக்கு வந்து வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் துவாரத்தினூடே பார்த்தான், திருப்தியில்லாமல் மறுபடியும் பேணியிற் போட்டான். அவனை அப்படிச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. முதலாளி சற்றுத் தூரத்தில் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். சொல்வார் இல்லாமலே ஒரு வேலையை இரண்டாம் முறை திருத்திச் செய்யும் இந்தக் குணம், உயிரியற் புத்தகத்தின் முன் அவனிடம் நான் காணாதது. பின்னர் அவன் தொழிற்பயிற்சி அதிகார சபையில் முறையாகப் பயின்றான். இன்று சொந்தக் கொட்டிலில் வேலை செய்கிறான்.

இப்படிப் பார்ப்பதால் சில வேளை ஆசை கலைவதும் உண்டு, அதுவும் ஆதாயமே. சட்டத்தரணியாக வேண்டும் என்று சிறுவயது முதல் விரும்பிய ஒருவன், என் சொற்படி நீதிமன்றத்துப் பார்வையாளர் வாங்கிற் சில நாள் அமர்ந்து பார்த்தான். வழக்குகள் தவணை மேல் தவணையாகப் போவதையும், கட்டுக்கட்டான கோவைகளைப் பொறுமையோடு வாசிப்பதே அத்தொழிலின் பெரும் பகுதி என்பதையும் கண்டு, தான் விரும்பியது பேச்சை மட்டுமே என்று உணர்ந்து திரும்பினான். ஆகவே ஒரு தொழிலைப் பற்றி விசாரிக்கும்போது, அது நல்ல வேலையா என்று கேட்க வேண்டாம். யாரும் நல்லது என்றே சொல்வர். உங்கள் நாளில் மிகவும் சலிப்பான மணித்தியாலம் எது, தொடங்கிய காலத்திற் கிடைத்த சம்பளம் என்ன, ஐந்தாம் ஆண்டில் புதிதாக எதைக் கற்றீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்ள உங்களால் முடியுமானால், அத்தொழில் உங்களுக்கு ஒத்து வரும்.

தன் நாட்டத்தை அறிய இன்னொரு எளிய வழி, ஒரு கொப்பியில் இரவுதோறும் மூன்று விடயங்களை எழுதுவது: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, பாராட்டு எதிர்பாராமல் எதைச் செய்தேன், எந்தக் களைப்பு மறுநாளும் வரலாம் என்று தோன்றியது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவி ஒருத்தி இப்படி எழுதி வந்தாள். கலைப் பிரிவிற் படித்து ஆசிரியை ஆவதே தன் விருப்பம் என்று சொன்னவளுடைய கொப்பியில், எருமைப் பாலும் தயிரும் விற்கும் மாமியின் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொடுத்த செய்தியே திரும்பத் திரும்ப வந்தது. எத்தனை முட்டி தயிர் கடனுக்குப் போயிற்று, யார் வீட்டிலிருந்து வெறும் முட்டி திரும்பவில்லை என்பதையெல்லாம் நிரை நிரையாக எழுதிச் சரிபார்ப்பதில் அவளுக்கு இருந்த ஆனந்தத்தை அவளே அறிந்திருக்கவில்லை. பின்பு தொழில்நுட்பக் கல்லூரியிற் கணக்கியல் பாடநெறியைப் பயின்று, இன்று ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறாள்.

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்ற இடம் உண்டு என்பதால், மூன்று தடவையும் தோற்றியே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். இரண்டாம் தடவை பெறுபேறு முதல் தடவையிலும் கணிசமாக உயர்ந்திருந்தால் மூன்றாவதற்கு நியாயம் உண்டு. உயராவிட்டால், அந்த ஓர் ஆண்டை வேறொரு பயிற்சிக்குக் கொடுப்பதே விவேகம். தோல்வியால் மனமுடைந்தவர்களுக்கோ நான் சொல்வது வேறு: ஒரு மாரிப்போகம் வெள்ளத்தில் அழிந்தது என்பதற்காக எந்தப் போடியாரும் வயலை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போவதில்லை; அடுத்த போகத்துக்கு விதைநெல் தேடுகிறார்.

இனி, அரசாங்க உத்தியோகம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கணும் எண்டு எங்கட அப்பா சொல்லுவாரு, சேர், நீங்கதான் இவனுக்கு ஒரு புத்தி சொல்லணும்" என்று என்னிடம் வரும் தந்தையரை நான் ஒருபோதும் குறைவாக நினைப்பதில்லை. யுத்தத்தில் வயலையும் மாட்டையும் இழந்து, 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் தோணியையும் வலையையும் இழந்து, எல்லாம் போன போதும் மாதாமாதம் வந்த சம்பளமும் ஓய்வூதியமும் மாத்திரமே சில குடும்பங்களைக் காத்ததைக் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். எனினும் காலம் மாறியிருப்பதையும் அவர்கள் அறிய வேண்டும். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம், இப்பகுதிப் பிள்ளைகளுக்குப் பட்டத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. உத்தியோகங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிற் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்து, மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆயினும் ஓர் அழைப்புக் கடிதத்தை மட்டும் நம்பி இளமையின் சிறந்த ஆண்டுகளைக் கழிக்க நேர்வது பெரும் துயரம். போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள்; நன்றாகப் படித்து எழுதுங்கள்; ஆனால் காத்திருக்கும் காலத்திற் கைத்திறன் ஒன்றைக் கற்று, அதனாற் சிறிதேனும் சம்பாதியுங்கள்.

கைத்தொழில் கற்றால் மேற்படிப்பின் கதவு அடைபட்டுவிடும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. தேசிய தொழிற் தகைமை என்னும் ஏற்பாட்டில் ஏழு படிகள் உள்ளன: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. பாடசாலையில் அதிகம் படியாமல் மேசனாகவோ தச்சனாகவோ பல காலம் வேலை செய்தவரும், தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து அந்தச் சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. கட்டார், துபாய் என்று புறப்படும் பிள்ளைகளுக்கு நான் இதையே வற்புறுத்துவேன்: வெறுங்கையோடு போகிறவனுக்கும், ஒரு தொழிலின் சான்றிதழோடு போகிறவனுக்கும் கிடைக்கும் வேலை ஒன்றாயிராது. அதோடு சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகுங்கள். திறமை இருந்தும் கொழும்பில் நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்க முடியாமல் திரும்பியவர்களை நான் அறிவேன்.

தந்தையை இழந்து, தம்பி தங்கையரைச் சுமக்க வேண்டியவர்களுக்கு, விருப்பமான தொழிலைத் தேட அவகாசம் ஏது என்று கேட்கலாம். அவர்கள் கிடைத்த வேலையை ஏற்பது கௌரவமான செயல். அதில் ஒரு தாழ்வும் இல்லை. நாளில் ஒரு மணித்தியாலத்தை மாத்திரம் தமக்கென்று ஒதுக்கி, விரும்பிய ஒன்றைப் பயின்று வந்தால் போதும். திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில், பகலில் வேலை செய்துகொண்டே படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு நான் செய்யும் விண்ணப்பம், பிள்ளையின் குழப்பத்தைச் சோம்பல் என்று எண்ணாதிருங்கள் என்பது. அயல் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் வார்த்தை, பிள்ளையை வேலை தேட வைப்பதில்லை. உங்களிடமிருந்து மறைந்து நடக்கவே வைக்கிறது. அதற்குப் பதிலாக, உங்களுக்குத் தெரிந்த தொழிலாளர் ஒருவரிடம் நீங்களே அழைத்துச் சென்று, "கொஞ்ச நாளைக்கு இவன் உங்களோட நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளே, வாழ்நாள் முழுவதற்கும் உரிய விடையை இன்றே சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு யாரிடமும் இல்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு எந்த வேலையைச் சிரத்தையோடு கற்கப் போகிறீர்கள் என்பதற்கு விடை சொன்னாற் போதும். அதை இந்த வாரமே தீர்மானித்து, திங்கட்கிழமை காலையில் அங்கே போய் நில்லுங்கள். அந்த வேலை உங்களுக்கு ஒத்து வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த தெரிவை இன்றைக்கிருப்பதிலும் தெளிவான அறிவோடு செய்வீர்கள் என்பதை, என் மாணவர்களின் வாழ்வைக் கண்ட உறுதியோடு சொல்கிறேன்.