ஆன்லைனில் வாங்கிய நர்சிங் பட்டம் செல்லுமா?

கேள்வி: சித்தூரில் வசிக்கிறேன். ஜி.என்.எம். முடித்து, திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் பி.எஸ்சி. நர்சிங்கில் 2022-ல் சேர்ந்து 90 ஆயிரம் ரூபாய் கட்டினேன். பட்டம் வந்தது. நர்சிங் கவுன்சிலில் பதிய மறுத்து, போன வருடம் கடிதம் அனுப்பிவிட்டார்கள். இன்னும் 25 ஆயிரம் கொடுத்தால் ‘அப்ரூவல்’ வாங்கித் தருகிறாராம் ஏஜென்ட். என் அசல் ஜி.என்.எம். சான்றிதழும் அவரிடமே இருக்கிறது. கட்டலாமா? வேறு நல்ல ஆன்லைன் கோர்ஸ் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யு.ஜி.சி.யின் 2020 ஒழுங்குமுறைகளில், அந்த வழியில் நடத்தக்கூடாத படிப்புகளின் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவத்தோடு நர்சிங்கும் இருக்கிறது. உங்கள் விவகாரம் இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடுகிறது. எந்த ஏஜென்டாலும் இதற்கு அப்ரூவல் வாங்க முடியாது. அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸ்கள் ஆன்லைனில் பட்டம் முடிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதைக் காட்டித்தான் இங்கே ஆள் பிடிக்கிறார்கள்.

உங்கள் ஜி.என்.எம். பதிவுக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை எந்த வேலை விண்ணப்பத்திலும் காட்ட வேண்டாம்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கல்வி நிறுவனங்கள் மீது நுகர்வோர் வழக்கு செல்லுமா என்பதில் தீர்ப்புகள் முரண்படுகின்றன. ஆனாலும் அங்கீகாரமே இல்லாமல் மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி இழப்பீடு தர வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது (புத்திஸ்ட் மிஷன் டென்டல் காலேஜ் வழக்கு). 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம்.

காலக்கெடு இரண்டே ஆண்டு. பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பார்கள் எதிர்த்தரப்பினர். கவுன்சில் மறுத்த நாளிலிருந்து என்று நாம் வாதிட வேண்டும். கடிதம் கைக்கு வந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருந்தால் இந்த இழுபறியே இல்லை. ஒரு வருடம் ஏஜென்டின் ‘அடுத்த வாரம் மேடம்’ என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். 90 ஆயிரத்துக்கு ரசீது இருக்கிறதா என்று ஒரு வரி எழுதவில்லை. நோயாளிக்கு ஓர் ஊசி போட்டாலும் சார்ட்டில் நேரம் குறித்துக் கையெழுத்திடுகிற நீங்கள், அசல் சான்றிதழைக் கொடுத்தபோது ஒப்புகைச் சீட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. யுபிஐ, வங்கிப் பதிவுகளை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்று இணைக்க அது தேவைப்படும். சான்றிதழைத் திருப்பித் தரச் சொல்லி முதலில் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். தராவிட்டால் போலீஸ் புகார்.

மேற்படிப்பு? வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ நடத்தும் மூன்றாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் ஒரு வழி. அது தொலைநிலைதான், ஆனால் நுழைவுத்தேர்வும் நேரடிச் செய்முறையும் உண்டு. பிளஸ் டூ, ஜி.என்.எம்., பதிவு, இரண்டாண்டு அனுபவம் கேட்பார்கள். தொலைநிலை என்பதால், மேலே சொன்ன தடை இதற்குப் பொருந்துமா என்று கவுன்சிலில் கேளுங்கள். இந்த வருடச் சேர்க்கை உண்டா என்று அவர்களின் அறிவிப்பில் பாருங்கள். இல்லையென்றால் இரண்டாண்டு ரெகுலர் போஸ்ட் பேசிக். எதுவானாலும், கவுன்சிலில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் ஃபீஸ் கட்டாதீர்கள்.

இது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னது. கவுன்சில் கடிதத்தில் உள்ள தேதி முக்கியம். அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.