பொய்த்த இரசீது

வட்டில்லாக் கணிப்பொறியும் வலைப்பின்னல் வழியே இயங்குதளத்தைப் பெற்றுத் தொடங்க வல்லது. அதன்கண் நேரும் இடர் ஒன்றை ஈண்டு நாம் ஆராய்வோம்.

'கிரப்' என்னும் திறந்தமூலத் தொடக்கநிரல், பொதிகளை அனுப்பத் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள நிலைபொருளின் துணையை நாடுகின்றது. அனுப்பி முடித்த பொதி நினைவகத்தில் இருந்த முகவரியை நிலைபொருள் திருப்பியுரைத்தல் வேண்டும் என்பது யூ.இ.எப்.ஐ. விதி. இது பதிவஞ்சலுக்கு நாம் பெறும் இரசீதை ஒக்கும். சில நிலைபொருள்களோ, தொடர்பற்ற யாதோ ஒரு முகவரியைத் தருகின்றன. மடல் சென்றும் இரசீது பொய்ப்பின், அனுப்பினோன் மயங்கானோ?

கிரப் கண்ட உபாயம் யாது? வலையட்டையைத் தனக்கே உரியதாக்கி, ஒரு நேரத்தில் ஒரு பொதியையே அனுப்புகின்றது. ஆகலின் வெறுமையல்லாத எம்முகவரியையும் இரசீதாக ஏற்கின்றது. பல பொதிகளை ஒருங்கே அனுப்புவார்க்கோ இவ்வுபாயம் உதவாது.

ஒருவர் விதி பிறழ, மற்றொருவர் சுமை தாங்குகின்றார். விதியை வகுத்தலினும் அதனைக் காத்தலே அரிதென்பதை நாம் உணர்வோமாக.