வலை கிழியுமா, மணிக்கட்டு போகுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தோம். ஸ்னேர் டிரம்மில் மட்டும் வலை, மற்றதெல்லாம் ரப்பர். நாலே மாதத்தில் குச்சிகளின் முனை சிதைந்துவிட்டது. வலையிலும் ஓரிடத்தில் நூல் பிரிந்திருக்கிறது. நைலான் முனை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். நைலான்தான் வலையைக் கிழிக்கும் என்கிறார் இன்னொருவர். மணிக்கட்டு வேறு வலிக்கிறதாம். இவ்வளவு பணம் போட்டு வாங்கியது பாழாகிவிடுமோ?
– எஸ்.ஆர்., மடிப்பாக்கம்

பதில்: பாழாகாது அம்மா, பயப்படாதீர்கள். அந்த வலை (மெஷ் ஹெட்: செயற்கை இழையால் நெருக்கமாக நெய்த அடிபரப்பு) தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடியது. ஓட்டை விழும்வரை மட்டும் காத்திருக்க வேண்டாம். குச்சி உள்ளே இறங்கினால் அடியிலிருக்கும் சென்சாரில் (அதிர்வை மின்சாரமாக்கும் சிறு வில்லை) இடிக்கும். செலவு அப்போதுதான் கூடும்.

நூல் பிரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் சிம்பலாக (தாளத்தட்டு) இருக்கும். அதன் விளிம்பில் மோதும்போது குச்சியின் கழுத்துப் பகுதி கொத்துக் கொத்தாகப் பெயர்கிறது. முனையிலும் சிலாம்பு கிளம்புகிறது. அதே குச்சி அடுத்த நொடி ஸ்னேருக்கு வரும்போது சிலாம்பு வலையின் இழையில் மாட்டி இழுக்கிறது. வழவழப்பான மர முனை வலையை ஒன்றும் செய்யாது. கீறல் விழுந்த நைலான் முனையோ நன்றாகவே கிழிக்கும். ஆகவே உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே பாதி சரி.

மர முனை சீக்கிரம் சிதைகிறது என்பதால்தான் அமெரிக்க டிரம்மர் ஜோ கலாட்டோ 1958-ல் நைலான் முனையைக் கொண்டுவந்தார். நிஜ சிம்பலில் அதன் ஓசை கூர்மையாக ஒலிக்கும். அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டில் அந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. ஓசை மாட்யூலிலிருந்து (ஒலிகளைச் சேமித்து வைத்திருக்கும் பெட்டி) வருகிறது, முனை எதுவானாலும் ஹெட்போனில் ஒரே சத்தம்தான். ரப்பரும் வலையும் கலந்த செட்டுக்கு நான் நைலான் முனையையே சொல்வேன். நைலான் தொப்பி மரத்தோடு சேரும் இடத்தில் விளிம்பு தூக்கியிருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது நகத்தால் தடவிப் பாருங்கள்.

மகள் வாசிக்க உட்காரும் முன் பழைய துப்பட்டாவின் ஓரத்தில் குச்சி முனையை வைத்து உருட்டட்டும். நூலை இழுத்தால் அந்தக் குச்சி வலைக்கு ஆகாது. தலையணையில் பயிற்சி செய்ய வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கிளம்பிய சிலாம்பை நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். முனை சிதைந்ததைத் தேய்த்துத் தேற்றப் பார்க்காதீர்கள்.

குச்சியின் அளவு என்று பார்த்தால், 5ஏ என்ற ரகம் ஏறக்குறைய 14.4 மில்லிமீட்டர் தடிமன், 16 அங்குல நீளம். 7ஏ அதைவிட மெல்லியது, சுமார் 13.7 மில்லிமீட்டர். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். சின்னக் கையென்றால் 7ஏ, இல்லாவிட்டால் 5ஏ. மரம் ஹிக்கரியாக (அதிர்வைத் தாங்கும் அமெரிக்க மரம்) இருக்கட்டும். மேப்பிள் லேசானது, ஆனால் ரப்பரில் சீக்கிரம் தேயும். ஓக் இந்த வயதுக்குக் கனம். கார்பன், உலோகக் குச்சிகளும் கம்பி பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். சில பேடுகளின் (அடிக்கும் தட்டுகளின்) சென்சார் அவற்றால் தடுமாறும் என்று எலெக்ட்ரானிக் டிரம்ஸ் தயாரிக்கும் ரோலண்ட் நிறுவனத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன. வண்ணம் பூசிய குச்சி வலையில் கறை விடும். குச்சியில் ஏறும் கறுப்பு ரப்பர் கறை, ஈரத்துணியால் துடைத்தால் குறையும். கடையில் கண்ணாடி மேஜைமேல் குச்சியை உருட்டுங்கள்; ஆடினால் வளைந்திருக்கிறது என்று பொருள்.

இனி மணிக்கட்டு. குச்சியை மாற்றுவதால் மட்டும் இது தீராது. ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளாமல் கைக்கே திருப்பிவிடுகிறது. அதோடு, மாட்யூலில் சென்சிட்டிவிட்டி (மெல்லிய அடியையும் உணரும் திறன்) குறைவாக இருந்தால், சத்தம் போதவில்லையென்று பிள்ளை தானாகவே ஓங்கி அடிப்பாள். வீட்டில் பலரும் கவனிக்காத விஷயம் இது. சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, ஸ்னேரில் மெதுவாகத் தட்டச் சொல்லிக் கேளுங்கள். மெல்லத் தட்டினாலும் தெளிவாகக் கேட்டால் போதும், பிடி தானாகத் தளரும். ஒரு வாரம் வாசிக்கும் நேரத்தையும் பாதியாக்குங்கள். அதற்குப் பிறகும் வலித்தாலோ, வீக்கமோ விரல் மரத்துப்போவதோ இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

புது வலை வாங்கப் போகும்போது பழைய வலையை வளையத்தோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். 8 அங்குலமா 10 அங்குலமா என்று கடையில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.