வண்டியின் நாடி

வைகறைப் பொழுது. சிற்றூர் ஒன்றின் தெருக்கோடியில் இளைஞன் ஒருவன் தன் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் களைத்து நின்றான். வண்டியின் இருபுறமும் பால் கேன்கள் தொங்கின. அண்டை வீட்டார் நால்வர் கறந்து கொடுத்த பால் அது. ஏழு மணிக்குள் கூட்டுறவுச் சங்கத்தை அடையாவிடின் அங்கு ஏற்றுக்கொள்ளார்; வெயில் ஏறினால் பால் திரிந்தும் போகும். நான்கு குடும்பங்களின் ஒருநாள் வருவாய் அந்த வண்டியை நம்பியிருந்தது.

பதற்றம் மிகுந்த இளைஞன், கார்புரேட்டரைக் கழற்றிவிடுவதென்று துணிந்து திருப்புளியைக் கையில் எடுத்தான். அவ்வழியே வந்த முதிய மெக்கானிக் ஒருவர் அவனைத் தடுத்து, “தம்பி, நேற்று வண்டி எப்படி ஓடிற்று?” என்று வினவினார். அந்நேரத்தில் அவ்வினா இளைஞனுக்கு வீண் பேச்சாகவே பட்டது. ஆயினும், “வரும் வழியில் இரண்டு முறை சட்டென்று அணைந்து, உடனே பற்றிக்கொண்டது, ஐயா” என்றான்.

வீண் வினா அன்று அது. பெட்ரோல் குறைந்த வண்டி பெரும்பாலும் திக்கித் திணறிச் சிறிது தொலைவு சென்றே ஓயும். மின்சாரம் அறுந்த வண்டியோ விளக்கை ஊதி அணைத்தாற்போல் அக்கணமே அடங்கும். நோயாளியின் வாய்ச்சொல்லைக் கேட்ட பின்னரே மருத்துவர் நாடியைத் தொடுவார். பெரியவரும் ஓர் ஐயத்தை மனத்துள் வைத்துக்கொண்டார்; ஆனால் அதையே முடிவாகக் கொள்ளவில்லை.

இத்தகைய எஞ்சின் உயிர்பெற மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்த கலவை ஒன்று. அக்கலவையைப் பிஸ்டன் இறுக்கும் அழுத்தம் மற்றொன்று. இறுகிய கலவையில் உரிய நேரத்தில் பாயும் மின்பொறி மூன்றாவது. இவற்றுள் இல்லாதது எதுவென அறிவதே முதல் வேலை.

பெரியவர் கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தினார். அது ஓரிடத்தில் எதிர்த்து நின்றது. அழுத்தம் உண்டு, கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. அடுத்து டாங்கில் பெட்ரோல் இருப்பதையும், அதன் குழாய் திறந்திருப்பதையும் கண்டார். டாங்கின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளையையும் அவர் விடவில்லை. அத்துளை அடைபட்டால், டாங்க் நிறைந்திருந்தும் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும்! பின்னர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அது பெட்ரோலில் நனைந்திருந்தது. உலர்ந்திருப்பின் எரிபொருள் வரவில்லை என்று ஐயுறலாம். நனைந்திருந்தமையால் கார்புரேட்டர் தன் கடமையைச் செய்தது புலனாயிற்று. இளைஞன் திருப்புளியை மெல்லக் கீழே வைத்தான். குற்றமற்ற உறுப்பைப் பிரித்திருந்தால், பழைய குறையோடு புதிய குறை ஒன்றும் சேர்ந்திருக்கும்.

எஞ்சியது மின்பொறி. குழாயை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்தபின், உலர்ந்த வேறொரு பிளக்கை மின்கம்பியில் பொருத்தினார். அதன் உலோக உடலை, பிளக் இருந்த துளைக்கு எட்டத்தில் சிலிண்டரின் மீது படியவைத்து, இளைஞனை உதைக்கச் சொன்னார். நீலப்பொறி தெறிக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. (பெட்ரோலின் அருகே பொறியை எழுப்புவது இடர் தரும், பயின்றவர் உடனின்றி மாணவர் இதனைச் செய்தல் கூடாது.)

முகப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தார். நன்கு எரிந்தது, பேட்டரியில் குறையில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அதன் மேற்புறத்திலிருந்த அம்மீட்டரை நோக்கினார். 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட்டுகளில் இந்த மின்னோட்டமானி உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்துகையில், அதன் முள் சற்றே இடப்புறம் சாய்வதும் நடுவுக்கு மீள்வதுமாக இருக்கவேண்டும். வண்டியின் நாடி இதுவே எனலாம். அன்றோ முள் அசையவே இல்லை.

முள்ளை அசைப்பவை எஞ்சினின் வலப்புறத்து வட்டமூடிக்குள் இருக்கும் இரு தொடுமுனைகள். தொழிலாளர் இவற்றைப் ‘பாயிண்ட்’ என்பர். இவை தொட்டிருக்கையில் காயிலில் மின்சாரம் ஓடும். பிரியும் கணத்தில் அவ்வோட்டம் அறுபட, பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாயும். பின்னாளில் இவ்வேலையை மின்னணுச் சுற்றுகள் ஏற்றன. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதியால் புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரும் நீங்கிற்று. அவற்றில் குறை நேர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். எரிவதன் காரணத்தைத் தேடும் வேலை மட்டும் இன்றும் மனிதனுக்கே.

பெரியவர் கம்பிகளை இழுத்துப் பார்த்தார், உறுதியாயிருந்தன. வட்டமூடியைத் திறந்து, பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றின் ஓரத்தைக் கிழித்துத் தொடுமுனைகளுக்கிடையே செலுத்தி இழுத்தார். அட்டையில் கரிய எண்ணெய்க் கோடு படிந்தது. மயிரிழை போன்ற அவ்வழுக்குப் படலமே மின்சாரத்தை மறித்திருந்தது. அட்டை வெண்மையாகவே வெளிவரும்வரை துடைத்தார். முனைகள் விலகும் இடைவெளியை அளவுத் தகட்டால் சோதித்தார், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் சரியாயிருந்தது.

இம்முறை கிக்கரை அழுத்தியதும் முள் இடப்புறம் சாய்ந்து மீண்டது. சோதனைப் பிளக்கிலும் நீலப்பொறி தெறித்தது. சாவியை மூடி, வெறுமனே நான்கைந்து முறை உதைத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினர். அந்த உலர்ந்த பிளக்கையே பூட்டிக் குழாயையும் சாவியையும் திறந்தனர். முள் நடுவுக்கு வந்ததும் இளைஞன் ஓங்கி உதைத்தான். வண்டி முழங்கிற்று.

அப்போது மணி ஆறரை. பெரியவர் கூலி ஒன்றும் கேளாமல் கைகளைத் துடைத்துக்கொண்டார். இளைஞன் கரிக்கோடு படிந்த அட்டைத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, பாலுடன் சங்கத்தை நோக்கி விரைந்தான்.