எஞ்சினின் நாடி



கையைப் பிடித்து நாடி பார்த்தே நோயைச் சொல்லும் வைத்தியரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெட்ரோல் எஞ்சினுக்கும் அப்படியொரு நாடி உண்டு. அதைக் காட்டும் கருவியே வெற்றிட மானி.

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதை 1643-ல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி பாதரசக் குழாயின் மூலம் மெய்ப்பித்தார். கடல் மட்டத்தில் காற்று சுமார் 30 அங்குல உயரப் பாதரசத்தைத் தாங்கும். எஞ்சினின் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. கார்புரேட்டரிலுள்ள திராட்டில் என்னும் தட்டு வழியை மறிப்பதால், அதற்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள மேனிபோல்டு குழாயில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றைவிட அது எத்தனை அங்குலம் குறைவு என்பதையே மானியின் முள் காட்டுகிறது.

எஞ்சின் சூடான பின், வண்டி நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது முள் 17-க்கும் 21-க்கும் இடையில் அசையாமல் நின்றால் பொதுவாக நலம். சற்றுக் குறைந்து 15 அளவில் நின்றால் தீப்பொறி காலந்தாழ்ந்து விழுகிறதா என்று பார்க்க வேண்டும். 5-க்கும் கீழே போனால் மேனிபோல்டில் காற்று கசியக்கூடும். சீரான இடைவெளியில் முள் துள்ளி விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை எனலாம். கார்புரேட்டரின் கலவைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, முள் மிக உயர்ந்து அசையாது நிற்கும் இடத்தில் நிறுத்துவதே டியூனிங் முறை.

இனி ஒரு கேள்வி. நம் மல்லாங்கிணற்றில் 19 காட்டிய கார், கொடைக்கானல் சென்றதும் 12 காட்டுகிறது. எஞ்சின் கெட்டுவிட்டதா? இல்லை! சுமார் 7,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 23 அங்குலந்தான். இங்கே 30-இல் 19 போக மீதி 11. அங்கே 23-இல் 12 போக மீதி அதே 11. குறைந்தது வெளிக்காற்றே. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழிக்க வேண்டும் என்பதை அறியாதவர், நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பணத்தை வீணாக்குவார்.

கார்புரேட்டர் இல்லாத இன்றைய கார்கள் பலவற்றில், மேனிபோல்டிலுள்ள அழுத்த உணர்வி அந்த மீதி அழுத்தத்தையே அளந்து கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. ஆகவே மானியில் எண் ஏறும்போது உணர்வியில் எண் இறங்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

நம் வட்டாரக் கிணறுகளில் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சினுக்கோ இந்த நாடி பார்க்க இயலாது. டீசல் எஞ்சின்களில் பொதுவாகக் காற்றை மறிக்கும் தட்டு இல்லை. செலுத்தும் எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்தே அதன் வேகம் ஆளப்படுகிறது.

தோழியரே, அளவுகோலின் எண்ணைப் படிப்பது எளிது. அது எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்ட எண் என்று கேட்பதே அறிவியல். அக்கேள்வியைக் கேட்கப் பழகுவோமாக!